துண்டுக்கடியில் முடிந்த வியாபாரம்

விளக்கு எரிந்தபோது கண்ணுச்சாமியின் வலது கை, துண்டுக்கடியில், நூர் முகம்மது ராவுத்தரின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

எப்படிப் பிடித்தது என்று கண்ணுச்சாமிக்குத் தெரியும். திரையில் அண்ணனும் தம்பியுமாக இரண்டு பேர் படகில் போனார்கள். பனைமர உயரத்துக்கு ஓர் அலை எழுந்தது. படகை விழுங்கியதோடு நிற்காமல் நேரே முன்வரிசையைப் பார்த்து வந்தது. கண்ணுச்சாமி பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்ததில்லை. போடிநாயக்கனூரில் அதற்கு வசதியும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, கையில் அகப்பட்டதைப் பிடித்தார். அகப்பட்டது ராவுத்தரின் கை. அந்த நேரம் பார்த்து ரீல் தீர்ந்து, விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

பின்வரிசையிலிருந்து சோலைமலை எட்டிப் பார்த்தார். அவரும் ஏலக்காய் வியாபாரி. ஊரில் எந்தத் துண்டு அசைந்தாலும் அதற்கடியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"என்ன ராவுத்தரே, படம் பாக்க வந்த எடத்துலயும் யாவாரமா? ஆயம்மா சரக்கா? முடிஞ்சிருச்சா?"

ராவுத்தர் கையை மெதுவாக உருவிக்கொண்டார். தாடியைத் தடவினார்.

"முடிஞ்சிருச்சு" என்றார்.

வரிசை முழுவதும் திரும்பிக் கண்ணுச்சாமியைப் பார்த்தது. மீசை வைத்த மனிதர். நாலு பேர் மதிக்கிற தரகர். வெள்ளைத் துணியில் ஆடிய தண்ணீருக்குப் பயந்து பக்கத்து ஆளின் கையைப் பிடித்தேன் என்று எந்த வாயால் சொல்வார்?

"ஆமா, முடிஞ்சிருச்சு" என்று தலையை ஆட்டினார்.

ஆட்டிய பிறகுதான் விஷயம் உறைத்தது. ஆயம்மாள் நம்பிக் கொடுத்த ஏலக்காய்ச் சரக்கை விற்றாயிற்று. என்ன விலைக்கு விற்றார் என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

ஏலக்காய்த் தரகில் அப்போது வாயால் விலை பேசுகிற வழக்கம் கிடையாது. விற்கிறவரும் வாங்குகிறவரும் துண்டுக்கடியில் கைகோத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு விரலுக்கும் ஒரு தொகை, சேர்ந்த விரல்களைக் கூட்டினால் விலை. விரலைப் பிடிப்பார்கள், விடுவார்கள், அடுத்த விரலைத் தொடுவார்கள். முகத்தில் ஈயாடாது. கடைசியில் முழுக்கையையும் சேர்த்து இறுக்கினால் பேரம் முடிந்தது என்று பொருள். அதற்குமேல் பேச்சில்லை. அப்படி இறுக்கிவிட்டு, "நான் என்ன விலை சொன்னேன்?" என்று கேட்ட தரகர் போடியில் இதுவரை யாரும் இல்லை. இனி யாராவது கேட்டால், அவருக்கு எவனும் கையைக் கொடுக்க மாட்டான். அவர் வேறு தொழில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கண்ணுச்சாமி தன் வலது கையை உற்றுப் பார்த்தார். கட்டைவிரல் வெளியே இருந்ததா, உள்ளே இருந்ததா? சுண்டுவிரல் சேர்ந்ததா, இல்லையா? சுண்டுவிரல் சேர்ந்திருந்தால் பிழைத்தார். சேராவிட்டால் அது புளியங்கொட்டை விற்கிற விலை. கை எதுவும் சொல்லவில்லை. லேசாக வியர்த்திருந்தது.

இத்தனைக்கும் காரணம் ஒச்சப்பன். மதுரையில் கல்லூரிப் படிப்பு முடித்துவிட்டு வந்தவன், போடியில் ஓர் உலகப் படவிழா நடத்தாமல் ஓய மாட்டேன் என்று நின்றான். டூரிங் கொட்டகையில் பகலில் வெளிச்சம் வரும் என்பதால், ஏலக்காய் மூட்டை அடுக்குகிற, சன்னல் இல்லாத ஒரு கிட்டங்கியைக் கேட்டு வாங்கினான். சுவரில் வெள்ளை வேட்டிகளைச் சேர்த்துத் தைத்துக் கட்டினான். நடுவில் சாக்குப் படுதாவைத் தொங்கவிட்டு, ஒரு பக்கம் ஆண்களும் ஒரு பக்கம் பெண்களும் உட்கார பெஞ்சு போட்டான். ஒரே ஒரு புரொஜெக்டர் என்பதால் ரீலுக்கு ரீல் விளக்கு எரியும். ஒரு நாள் முழுக்க மூன்று படம்.

காலையில் அவன் மேடையேறிப் பேசியிருந்தான்.

"இதெல்லாம் பெரிய கம்பெனி எடுத்த படமில்ல. நாலு சினேகிதங்க ஒண்ணு சேந்து, அவங்க மனசுக்குப் பட்டத அவங்களே எடுத்தது. இதுல பாட்டு வராது."

"சண்டை?" என்று யாரோ கேட்டார்கள்.

"வராது."

"பெறகு என்னதான்யா வரும்?"

"வாழ்க்கை வரும்."

"அது வீட்டுலயே கெடக்கே" என்று எழுந்த இருவரைக் கையைப் பிடித்து உட்காரவைத்தான்.

மார்கழிக் குளிருக்குக் கண்ணுச்சாமி தோள் துண்டை மடியில் விரித்துக்கொண்டார். அதில் பாதி பக்கத்திலிருந்த ராவுத்தரின் மடியில் விழுந்தது. விழுந்ததை யாரும் எடுக்கவில்லை. வினை அங்கேதான் தொடங்கியது.

வினை என்று சும்மா சொல்லவில்லை. அந்தச் சரக்கு ஆயம்மாளுடையது. மலையில் குரங்கணிக்கு மேலே ஏலக்காடு வைத்திருக்கிற ஆயம்மாள், புருசன் போன பிறகு தனியாகவே தோட்டத்தைக் கட்டி ஆள்கிறவள். கண்ணுச்சாமி தரகுக்கு வந்த புதிதில் யாரும் அவரை நம்பி ஒரு மூட்டை கொடுக்காதபோது, முதல் மூட்டையைக் கொடுத்தவள் அவள்தான். போன மழைக்கு வீசிய காற்றில் அவளுடைய ஸ்டோரின் கூரை பறந்துபோனது. ஸ்டோர் என்றால் பறித்த காயை அனல்போட்டு உலர்த்துகிற கட்டிடம். அதற்குக் கூரை இல்லாவிட்டால் அடுத்த பறிப்புக் காய் முழுவதும் பூஞ்சைக்குப் போகும். இந்தச் சரக்கு நல்ல விலைக்குப் போனால்தான் கூரை. அதை அவள் கண்ணுச்சாமியிடம் சொல்லித்தான் மூட்டையை இறக்கினாள். இப்போது சாக்குப் படுதாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, படத்தைவிடச் சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள்.

முதல் படம் முடிந்ததும் கண்ணுச்சாமி ராவுத்தரின் பக்கம் நெருங்கினார். நேராகக் கேட்கக் கூடாது. சுற்றி வளைத்து விலையைப் பிடுங்க வேண்டும்.

"அண்ணே, விலையில ஒங்களுக்கு மனக்கொறை ஒண்ணும் இல்லையே?"

"எனக்கென்ன தம்பி கொறை? ஒங்களுக்கு இருக்கா?"

"எனக்கும் இல்ல. ரொம்ப ஏத்திட்டேனோன்னு பாத்தேன்."

ராவுத்தர் அவரை ஒருமாதிரிப் பார்த்தார்.

"ஏத்திட்டீகளா?"

"இல்ல, எறக்கிட்டேனோன்னும் பாத்தேன்."

"எறக்கிட்டீகளா?"

"ரெண்டும் இல்ல. நடுவாந்தரமாத்தான் இருக்கும்."

"அப்ப சரி" என்று ராவுத்தர் வெற்றிலையை மடித்தார். "நடுவாந்தரம்னா நல்லதுதான்."

இந்த மனிதர் வாயிலிருந்து ஒரு விலையைப் பிடுங்குவதைவிட, சிமெண்டுத் தரையிலிருந்து ஊற்று எடுக்கலாம். தூக்கத்தில் கையைக் கொடுத்தாலும் விரலைப் படித்துவிடுவார் என்று ராவுத்தருக்கு ஊரில் பெயர். அவருக்குத் தெரியாமலா இருக்கும்? நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே ஆழம் பார்க்கிறார். அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது கைநழுவிப் போய்விடக் கூடாது என்று கமுக்கமாக இருக்கிறார். இப்படித்தான் கண்ணுச்சாமிக்குத் தோன்றியது.

அப்போது அவருக்கு ஒரு யோசனை வந்தது. துண்டு வியாபாரத்தில் ஒரு மரியாதை உண்டு. முடிந்த பேரத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள நினைத்தால், மறுபடி துண்டைப் போட்டு விரல்களைத் தளர்த்திக் கொடுக்கலாம். எதிராளி விலையைத் தொட்டுக் காட்டுவார். வாயைத் திறக்க வேண்டியதில்லை. மானமும் போகாது.

இரண்டாவது படம் தொடங்கியது. ஒரு கோவேறு கழுதையும் ஒரு கிழவியும் மலைமேல் உப்பு சுமந்துபோகிற கதை. கழுதையும் பேசவில்லை, கிழவியும் பேசவில்லை. ஆனால் கிட்டங்கி பேசியது. குரங்கணியிலிருந்து கழுதையில் லோடு இறக்குகிறவர்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள்.

"சொமைய ஒரு பக்கமாக் கட்டிருக்கா பாரு. வளைவுல சரிஞ்சிரும்."

"வயித்துவாரே இல்லையே. கெழவிக்கு யாரும் சொல்லிக் குடுக்கலயா?"

வளைவில் சுமை சரிந்தது. கிழவி உட்கார்ந்து அழுதாள். "நாங்கதான் அப்பவே சொன்னோமே" என்று அவர்கள் மனத்தாங்கலோடு சொன்னார்கள்.

இந்தச் சந்தடியில் கண்ணுச்சாமி துண்டைச் சரிசெய்வதுபோல ராவுத்தரின் மடிவரை விரித்தார். அடியில் கையை நீட்டினார். காத்திருந்ததுபோல ராவுத்தரின் கை வந்து சேர்ந்தது. அப்பாடா என்றிருந்தது அவருக்கு. விரல்களைத் தளர்த்திக் கொடுத்தார்.

ராவுத்தரின் விரல்களும் தளர்ந்தே இருந்தன.

கண்ணுச்சாமி காத்திருந்தார். ராவுத்தரும் காத்திருந்தார். கழுதை ஒரு மலையைத் தாண்டி அடுத்த மலையில் ஏறியது. துண்டுக்கடியில் இரண்டு கைகளும் சந்தைக்கு வந்த கெளுத்தி மீன்கள்போல அசையாமல் கிடந்தன. கண்ணுச்சாமி தன் விரலால் ஒருமுறை லேசாகத் தட்டி, 'சொல்லுங்க' என்றார். ராவுத்தரின் விரலும் ஒருமுறை லேசாகத் தட்டியது.

திரையில் உப்புமூட்டை கிழிந்து வெள்ளையாகக் கொட்டியது. கிட்டங்கித் தூசியா, ஏலக்காய் நெடியா, தெரியவில்லை. கண்ணுச்சாமியின் மூக்கு கமறியது. அடக்கிப் பார்த்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. கடைசியில் கட்டிடமே அதிர ஒரு தும்மல் போட்டார். தும்மிய வேகத்தில் கை தானாக இறுகியது. திடுக்கிட்ட ராவுத்தரின் கையும் இறுகியது.

விளக்கு எரிந்தது. ரீல் மாற்றுகிறவனுக்கும் தனக்கும் போன பிறவிப் பகை என்று கண்ணுச்சாமி நினைத்துக்கொண்டார்.

"துண்டு துள்ளுச்சே" என்றார் பின்வரிசைச் சோலைமலை. "முடிஞ்ச பேரத்துல மறுபடி இறுக்குனா அடுத்த பறிப்பும் அதே விலைக்குன்னுல்ல அர்த்தம். அடுத்த பறிப்புமா ராவுத்தரே?"

ராவுத்தரின் முகம் ஒரு கணம் வெளுத்ததுபோல் இருந்தது. பிறகு தாடியைத் தடவிக்கொண்டார்.

"தம்பியே ஆசையாக் குடுக்குறப்ப நான் வேண்டாம்னா சொல்வேன்?"

எல்லாரும் கண்ணுச்சாமியைப் பார்த்தார்கள். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். தலையாட்டுவது அன்றைக்கு அவருக்குப் பழகிவிட்டது.

ஆக, கையிலிருக்கிற சரக்கும் போயிற்று. இன்னும் பூவே விடாத சரக்கும் போயிற்று. என்ன விலை? அல்லாவுக்கும் ராவுத்தருக்கும்தான் வெளிச்சம்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆயம்மாள் கூப்பிட்டு அனுப்பினாள். கிட்டங்கி வாசலில், வேப்பமரத்து நிழலில், தூக்குச்சட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன அப்பு, வித்துட்டியாமே. ஊரே சொல்லுது. என்கிட்டதான் ஒரு வார்த்தை சொல்லல."

"சொல்லத்தான் ஆத்தா வந்துக்கிட்டிருந்தேன்."

"என்ன விலை?"

"அது வந்து… சரக்கு எடை போடுற வரைக்கும் துண்டு விலையை வெளிய சொல்லக் கூடாது ஆத்தா. தொழில் மரியாதை."

"ஊருக்குத்தானே சொல்லக் கூடாது. எனக்குமா? காடு என்னுது, காய் என்னுது. காதுல சொல்லு" என்று முந்தானையை ஒதுக்கிக் காதைக் கொடுத்தாள்.

அந்தக் காதுக்கு முன்னால் கண்ணுச்சாமி நின்றார். உண்மையைச் சொல்லிவிடலாம். 'ஆத்தா, படத்துல தண்ணி வந்துச்சு, நான் பயந்து உன் ஒரு வருச உழைப்பை யார் கையிலயோ குடுத்துட்டேன்.' சொன்னால் அவள் திட்ட மாட்டாள். அதுதான் கஷ்டம். சும்மா பார்ப்பாள். கூரை இல்லாத ஸ்டோரைப் போய்ப் பார்ப்பாள். வாய்க்கு வந்த ஒரு விலையை அந்தக் காதில் சொன்னார். அந்தப் பருவத்தில் யாரும் கேட்டிராத விலை.

ஆயம்மாள் காதை எடுத்துவிட்டு அவரையே பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"நெசமாவா?"

"நெசமா."

"அடுத்த பறிப்பும் அதே விலைக்கேவா?"

கண்ணுச்சாமிக்கு அது ஞாபகமே இல்லை. "அதே விலைக்கே" என்றார்.

"ஒனக்கு நான் கெடா வெட்டிப் போடணும் கண்ணுச்சாமி" என்று சொல்லிவிட்டு, தூக்குச்சட்டியிலிருந்த அத்தனை பணியாரத்தையும் அவர் கையில் திணித்தாள்.

ஆயம்மாள் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுகிறவள். விலையை யாரிடமும் சொல்லவில்லை. "விலைய மட்டும் கேக்காதீக, கேட்டா மயங்கி விழுந்துருவீக" என்று மட்டும் பெண்கள் பக்கம் முழுவதும் சொன்னாள். பெண்கள் பக்கத்தில் ராவுத்தரின் மனைவி பாத்துமுத்துவும் இருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் சாக்குப் படுதா ஓரமாக ராவுத்தர் நிற்பதைக் கண்ணுச்சாமி பார்த்தார். படுதாவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாத்துமுத்துவின் குரல் வந்தது.

"அப்படி என்ன வெலைக்கு வாங்கினீக? ஊரு சிரிக்குது. வாயத் தொறந்து சொல்லுங்களேன்."

ராவுத்தர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மார்கழிக் குளிரில் அவருக்கு அப்படி வியர்த்தது.

போச்சு, என்று நினைத்தார் கண்ணுச்சாமி. நான் ஆயம்மாளிடம் சொன்ன பொய் ராவுத்தர் காதுக்குப் போய்விட்டது. அடிமாட்டு விலைக்கு வாங்கியதை அவர் சபையில் சொன்னால், பொய் சொன்ன தரகர் என்று நாளைக்கே ஊரில் தம்பட்டம் அடித்துவிடுவார்கள்.

ராவுத்தர் நேராக அவரிடம்தான் வந்தார். ஒரு கையில் டீ, இன்னொரு கையில் இன்னொரு டீ. ராவுத்தர் யாருக்கும் டீ வாங்கிக் கொடுத்துப் போடி பார்த்ததில்லை.

"குடிங்க தம்பி."

"எதுக்குண்ணே சிரமம்?"

"இருக்கட்டும். ஆயம்மாட்ட விலையச் சொல்லிட்டீக போல."

கண்ணுச்சாமி டீயை ஒரு மடக்குக் குடித்தார்.

"சொல்லிட்டேன்."

"என்னன்னு… அதாவது, எப்படிச் சொன்னீக?"

"உள்ளத உள்ளபடி சொன்னேன்."

"நல்லது. உள்ளதுன்னா…" என்று இழுத்தார் ராவுத்தர். கண்ணுச்சாமி டம்ளருக்குள் பார்வையைப் போட்டுக்கொண்டார். ராவுத்தர் பெருமூச்சு விட்டார். "சரி, உள்ளதத்தானே சொல்லணும்."

அந்த நேரத்தில் ராவுத்தருடைய கணக்கர் அல்லா பிச்சை வந்து சேர்ந்தார். முதலாளியிடம் இருபது வருசமாக இருக்கிற வயதான மனிதர். வெயிலோ மழையோ, குடை இல்லாமல் வெளியே வர மாட்டார்.

"மொதலாளி, ஆயம்மா சரக்கு முடிஞ்சதாக் கடைத்தெருவுல பேசிக்கிறாக. எவ்வளவுக்குன்னு சொன்னா மேக்கொண்டு ஆக வேண்டிய சோலியப் பாப்பேன்."

கண்ணுச்சாமியின் இரண்டு காதும் விறைத்தன. இதோ, விலை வெளியே வரப்போகிறது. ஆனால் ராவுத்தர் அல்லா பிச்சையை மரத்துக்கு அந்தப் பக்கம் இழுத்துப்போனார். குடைக்குள் தலையை விட்டுக் காதோடு காதாக ரொம்ப நேரம் பேசினார். அல்லா பிச்சை குடைக்கு மேலாக எட்டிக் கண்ணுச்சாமியைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வை. இப்படியும் ஒரு மனுசனா என்று கேட்கிற பார்வை. பிறகு தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே போனார்.

அந்தத் தலையாட்டலிலேயே கண்ணுச்சாமிக்கு விலை தெரிந்துவிட்டது. சுண்டுவிரல் சேரவில்லை.

மூன்றாவது படம் சிரிப்புப் படம். எல்லாரும் தாடி வளர்க்கிற ஓர் ஊருக்கு ஒரு நாவிதர் கடை போட வருகிறார். கிட்டங்கி உருண்டு புரண்டு சிரித்தது. கழுதைக்காரர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் அடித்துக்கொண்டார்கள். ஒச்சப்பனுக்குப் பெருமையில் கால் தரையில் பாவவில்லை. சிரிக்காத ஆட்கள் இரண்டே பேர். கண்ணுச்சாமி வேண்டுமென்றே கடைசி வரிசைக்குப் போய், இரண்டு கைகளின்மேலும் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் இருட்டில் தடவித் தடவி ஓர் உருவம் வந்து அவர் பக்கத்தில் அமர்ந்தது. ராவுத்தர்தான். தம் துண்டை எடுத்து இருவர் மடியிலும் விரித்தார். மடிமேல் கையை வைத்துக் காத்திருந்தார்.

கண்ணுச்சாமி கையை எடுக்கவே இல்லை. மரத்துப்போயிற்று, இருந்தாலும் எடுக்கவில்லை. இந்தக் கை இன்றைக்குச் செய்தது போதும்.

"தம்பி" என்று இருட்டில் ராவுத்தர் மெல்ல அழைத்தார்.

"படம் பாருங்கண்ணே" என்றார் கண்ணுச்சாமி.

ராவுத்தர் துண்டை உருவிக்கொண்டு எழுந்து போய்விட்டார். அந்தத் தோளின் தளர்ச்சியைப் பார்க்கக் கண்ணுச்சாமிக்கே ஒரு மாதிரி இருந்தது. நல்ல மனிதர்தான். சபையில் வைத்துச் சொல்லி என்னை அவமானப்படுத்த வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வந்திருக்கிறார். அதற்கும் நான் இடம் கொடுக்கவில்லையே என்று வருந்தினார். உள்ளதைச் சொல்லிக் காலில் விழுந்துவிடுவது என்று அப்போதே முடிவு செய்தார்.

படம் முடிந்து வெளியே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

எதிரே ஆயம்மாளின் ஜீப்பு நின்றது. ஜீப்பின் மேல் புத்தம் புதிய தகரங்கள் சாய்வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. மூன்றாவது படத்துக்கு அவள் உட்காரவே இல்லையாம். நேராகக் கடைக்குப் போய்க் கூரைக்கு வேண்டியதை எல்லாம் எடுத்துவிட்டாளாம்.

"பாத்தியா அப்பு. ஓட்டுக்கூரைதான் போடலாம்னு இருந்தேன். நீ சொன்ன விலைக்குத் தகரமே போட்டுரலாம்னு வாங்கிட்டேன். இனிமே எந்தக் காத்து வந்தாலும் பாத்துக்கலாம்."

கண்ணுச்சாமி அந்தத் தகரத்தைத் தொட்டுப் பார்த்தார். அவர் வாயிலிருந்து வந்த ஒரு பொய், ஆணியோடும் போல்ட்டோடும் ஜீப்பு ஏறி நிற்கிறது.

"இன்னைக்கே மேல கொண்டுபோகணுமா ஆத்தா? நாளைக்குப் பாத்துக்கலாமே."

"எதுக்கு நாளைக்கு? ஆசாரிக்குச் சொல்லி அனுப்பிட்டேன். காலையில வெரசா ஏத்திருவான். நீ சரக்கை ராவுத்தர் கடையில எறக்கிட்டு வந்து கூரையப் பாரு. ஒன்னால வந்த கூரை."

ஜீப்பு புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. தகரங்கள் ஒன்றோடொன்று மோதித் தடதடவென்று சிரித்தன. கண்ணுச்சாமிக்கு அப்படித்தான் கேட்டது.

அவர் கடைத்தெருப் பக்கம் நடந்தார். நடக்கும்போதே சொல்ல வேண்டியதைக் கூட்டிச் சேர்த்தார். 'அண்ணே, என்னைய மன்னிச்சிருங்க. நான் விலையே சொல்லல. பயந்துதான் ஒங்க கையப் பிடிச்சேன். தும்மல்லதான் ரெண்டாவது தடவை பிடிச்சேன். ஆயம்மா பாவம். அவளுக்குப் பாத்து ஒரு விலை போட்டுக் குடுங்க. நான் தரகை விட்டுட்டுப் போயிடுறேன்.' சொல்லிப் பார்க்கச் சொல்லிப் பார்க்க அது நன்றாகவே இருந்தது. தரகு இல்லாவிட்டால் என்ன, தேவாரம் பக்கம் மச்சினன் நிலத்தில் யானைக் காவலுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறான். யானை வந்தால் பயந்தேன் என்று சொன்னாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள். சொல்லிவிடப் போகிறோம் என்றானதும் காலையிலிருந்து அடைத்திருந்த நெஞ்சு லேசானது.

ராவுத்தரின் கடை பாதி சாத்திக் கிடந்தது. அவர் வாசலில் கால் வைக்கிறபோது உள்ளேயிருந்து குடையோடு அல்லா பிச்சை வெளியே வந்தார்.

"அல்லா பிச்சை அண்ணே, மொதலாளி இருக்காகளா? ஒரு உண்மையச் சொல்லிட்டுப் போகணும்."

"இருக்காக. பச்சைத் தண்ணி பல்லுல படாம உக்காந்திருக்காக. நானே ஒங்க வீட்டுக்குத்தான் கெளம்புனேன்."

"என் மேல ரொம்பக் கோவமா?"

"கோவமா? ஒங்க மேலயா?"

அல்லா பிச்சை தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். குடையை விரித்து, அதற்குள் கண்ணுச்சாமியையும் இழுத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"வெளிய விட்டுறாதீக. அலை வந்தப்ப மொதலாளி பயந்துபோய்க் கண்ண இறுக்க மூடிட்டாகளாம், நீங்க வெரலத் தொட்டதே அவுகளுக்குத் தெரியலயாம். நீங்க சொன்ன விலைக்கே எடுத்துக்கிறாகளாம். அது என்ன விலைன்னு மட்டும் கேட்டுட்டு வரச் சொன்னாக."